டயட்டைக் கைவிடுவோர் இழப்பவை: தில்லி புசா ரோட்டுச் சூழலை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

உடல் எடையைக் குறைக்கும் நோக்கில், பிறர் வகுத்த விதிகளைக் கொண்டு உணவின் அளவையும் வகையையும் கட்டுப்படுத்திக்கொள்ளும் முறை இன்று தமிழ்க் குடும்பங்களிலும் 'டயட்' என்றே வழங்குகிறது. இதற்கு மாற்றாக, பசித்தபோது உண்டு, வயிறு நிறைந்ததும் நிறுத்தி, எந்த உணவையும் விலக்கப்பட்டது என்று ஒதுக்காமல் வாழும் முறையொன்றை அமெரிக்க உணவியல் வல்லுநர்களான எவலின் டிரிபோலும் எலிஸ் ரெஷ்ஷும் 1995-இல் வெளியிட்ட நூலில் பத்துக் கோட்பாடுகளாக வகுத்துரைத்தனர். இக்கட்டுரையில் அம்முறை 'பசியறிந்து உண்ணல்' என்று குறிக்கப்படுகிறது. இதனைப் பரிந்துரைப்போர் இதனால் கிடைக்கும் விடுதலையை விரிவாகப் பேசுகின்றனரேயன்றி, டயட்டை விடுபவர் அதனோடு சேர்த்து எவற்றையெல்லாம் விட வேண்டியிருக்கிறது என்ற கணக்கை முழுமையாக எடுப்பதில்லை. அந்தக் கணக்கை இந்தியக் குடும்பச் சூழலில் எடுத்துப் பார்த்தால், இழப்புகளுள் முதன்மையானது மெலிந்த உடல் பற்றிய கனவு அன்று என்பதும், பரிமாறப்படும் உணவை மறுப்பதற்கு டயட் தந்துவந்த சமூக அதிகாரமே என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

1. களம்: பற்றாக்குறையின் நினைவும் மிகுதியின் தட்டும்

மேற்கு–மத்திய தில்லியில் கரோல்பாக், ராஜேந்திர பிளேஸ் ஆகிய மெட்ரோ நிலையங்களை ஒட்டிச் செல்லும் புசா ரோடு, தன் பெயரைப் பீகாரிலுள்ள ஓர் ஊரிலிருந்து பெற்றது. அவ்வூரில் 1905-இல் தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1934 நிலநடுக்கத்தில் சிதைந்தது. 1936-இல் அது தில்லிக்குப் பெயர்ந்தபோது ஊர்ப்பெயரும் கூடவே வந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் என இன்று அறியப்படும் அதே நிறுவனம்தான் 1960-களில், எம்.எஸ். சுவாமிநாதன் போன்றோரின் உழைப்பால், குட்டைரகக் கோதுமையைப் பரப்பி நாட்டின் தானியப் பஞ்சத்தைத் தணித்ததில் பெரும் பங்காற்றியது. அதே புசா வளாகத்தில் விருந்தோம்பல் மேலாண்மையையும் ஊட்டச்சத்தியலையும் ஒருங்கே கற்பிக்கும் கல்வி நிறுவனமும் இயங்குகிறது.

இச்சாலையைச் சூழ்ந்த குடியிருப்புகளின் வரலாறும் உணவோடு தொடர்புடையது. ராஜேந்திர நகரும் பட்டேல் நகரும் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகளுக்காக எழுந்தவை. கரோல்பாக்கோ, அரசுப் பணிக்காக வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்களின் நெடுநாளைய இருப்பிடம் என்பதற்கு, தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் புசா ரோட்டில் நடத்திவரும் பள்ளி சான்றாகும். அகதியாக வந்து மீண்டெழுந்த குடும்பத்திற்கும், ரேஷன் அரிசியை எண்ணிச் செலவழித்த குமாஸ்தாக் குடும்பத்திற்கும் வயிறாரச் சோறிடுவது அன்பின் அளவுகோலாகவே அமைந்தது. அந்த அளவுகோல் மாறுவதற்குள் சூழல் மாறிவிட்டது. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் மிகை எடையோ உடற்பருமனோ உடையோர் நாடு முழுவதும் 24 விழுக்காடாக இருக்க, தில்லியில் 41.3 விழுக்காடாகவும் தமிழ்நாட்டில் 40.4 விழுக்காடாகவும் உள்ளனர். தில்லியில் வாழும் தமிழ்ப்பெண் இவ்விரு சூழல்களுக்கும் உரியவள் என்பதால், டயட்டை மேற்கொள்வதன் அழுத்தத்தையும் அதைக் கைவிடுவதன் விலையையும் அவள் நிலையிலிருந்து காண்பது பொருத்தமாகும்.

2. வெளிப்படையான இழப்புகள்

டயட்டை விடுபவர் முதலில் இழப்பது ஒரு வருங்காலத்தை. டயட் எப்போதும் வரும் திங்கட்கிழமை தொடங்குவது. ஆகவே இன்றைய உடல் தற்காலிகமானது என்ற ஆறுதலை அது ஓயாமல் அளிக்கிறது. இளைத்தபின் உடுத்தலாம் என்று பீரோவின் மேல்தட்டில் மடித்து வைக்கப்பட்ட சல்வாரும், பிரித்துவிடவோ பிடித்துக்கொள்ளவோ தோதாக உள்ளே துணி விட்டுத் தைக்கப்பட்ட ரவிக்கையும் இந்த ஆறுதலின் பருப்பொருள் வடிவங்கள். பெண் பார்க்கும் படலமும் திருமண நாளும் எடைக் குறைப்புக்குக் கெடு வைக்கும் சமூகத்தில், அந்த வருங்காலம் தனியொருத்தியின் ஆசையாக மட்டும் இருப்பதில்லை. பெற்றோரின் திட்டமாகவும் இருக்கிறது. அதைக் கைவிடுவது என்பது இப்போதுள்ள உடலையே தன் உடலாக ஏற்பதாகும். அந்த ஏற்பு மகிழ்ச்சியாகத் தொடங்கும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை.

இரண்டாவது இழப்பு, விதி தரும் நிச்சயம். இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் பருப்பு, இரவு ஏழு மணிக்குப் பின் ஒன்றுமில்லை என்ற பட்டியல் எவ்வளவு கடுமையானதாயினும், ஒவ்வொரு வேளையும் முடிவெடுக்கும் சுமையை அது தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. பட்டியல் போனபின் அந்த இடத்தைப் பசி உடனே நிரப்பிவிடும் என்பது அவசரக் கணிப்பு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944–45-இல் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வில், ஆறு மாதம் அரைவயிற்று உணவில் வைக்கப்பட்ட 36 இளைஞர்கள் தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். பகலெல்லாம் உணவு பற்றியே சிந்தித்த அவர்களுள் பலர், கட்டுப்பாடு நீங்கிய பின்னும் எவ்வளவு உண்டாலும் நிறைவு தோன்றாத நிலையை நெடுநாள் அனுபவித்தனர். நெடுங்காலம் மறுக்கப்பட்ட பசி தன் அளவை மறந்துவிடுகிறது என்பதே இதன் பொருள். விதியின் இயல்பையே காட்டுவது ஹெர்மன், மேக் ஆகியோர் 1975-இல் செய்த சோதனை: உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த பெண்கள் ஒரு மில்க்ஷேக் அருந்த நேர்ந்ததும், விதி முறிந்துவிட்டது என்ற எண்ணத்தாலோ என்னவோ, அதன்பின் ஐஸ்கிரீமைக் குறைத்து உண்பதற்கு மாறாகக் கூடுதலாகவே உண்டனர். ஆகவே டயட்டை விட்ட தொடக்க மாதங்களில் விதியும் துணையில்லை, பசியும் நம்பத்தக்கதாயில்லை. பலர் மீண்டும் டயட்டுக்கே திரும்புவதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம் எனக் கருத இடமுண்டு.

மூன்றாவது, நற்பெயர். தட்டைக் குறைத்துக்கொள்பவருக்கு 'நல்ல கட்டுப்பாடு உள்ளவர்' என்ற மதிப்புக் கிடைக்கிறது. அலுவலகத்தில் மதிய உணவு டப்பாக்கள் திறக்கப்படும்போது எத்தனை கிலோ குறைந்தது, எந்த மாவில் ரொட்டி என்ற பேச்சே பெண்களிடையே தோழமையை வளர்க்கிறது. டயட்டை விட்டவருக்கு அந்தப் பேச்சில் சொல்ல ஒன்றுமிருப்பதில்லை.

3. மறுக்கும் அதிகாரம்

மேற்கண்ட மூன்றும் மேலை நாட்டு ஆய்வுகளிலும் ஏதோ ஒரு வடிவில் பேசப்படுபவை. இந்தியச் சூழலுக்கே உரிய இழப்பு வேறொன்று. பசியறிந்து உண்ணலின் கோட்பாடுகள், தன் தட்டில் என்ன, எவ்வளவு, எப்போது என்பதைத் தானே தீர்மானிக்கும் தனிமனிதரை அடிப்படையாகக் கொண்டவை. கூட்டுக் குடும்பத்தின் தட்டு அப்படிப்பட்டதன்று. அங்கே உண்பவர் ஒருவர், பரிமாறுபவர் இன்னொருவர்; அளவு பெரும்பாலும் பரிமாறுபவர் கையில் இருக்கிறது. இலைக்குக் குறுக்கே கையை நீட்டி 'போதும்' என்றாலும், விரலிடுக்கில் இன்னொரு கரண்டி சாதம் விழும். 'பசிக்கலை' என்றால் 'ஏன், சமையல் பிடிக்கலையா?' என்ற கேள்வி எழும். பஞ்சாபி வீட்டு விருந்திலும் இன்னொரு பராட்டாவை வற்புறுத்தி வைப்பதில் இதே அன்பும் இதே காதுகொடாமையும் உண்டு. இவ்விரு மரபுகளிலும் விருந்தினரின் 'போதும்' என்பது ஓர் உபசாரச் சொல்லாகக் கொள்ளப்படுகிறதே தவிர, அவருடைய வயிற்றின் நிலையைத் தெரிவிக்கும் செய்தியாகக் கொள்ளப்படுவதில்லை.

பசியே உணவின் அளவுகோல் என்ற கருத்து தமிழுக்குப் புதிதன்று. முன் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்தபின், அளவோடு உண்ண வேண்டும் என்பதைத் திருக்குறளின் 95-ஆம் அதிகாரமான 'மருந்து' திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறது. எனினும் அதே நூலின் 9-ஆம் அதிகாரம் விருந்தோம்பலை இல்வாழ்வின் தலையாய கடமையாக வைக்கிறது. முன்னது உண்பவரை நோக்கியது. பின்னது உண்பிப்பவரை நோக்கியது. நூலில் இரண்டும் முரண்படுவதில்லை. நடைமுறையில் அவை ஒரே தட்டின்மேல் சந்திக்கும்போது, உண்பிப்பவரின் கடமை வென்று உண்பவரின் அளவு தோற்பதே வழக்கமாயிற்று.

இந்நிலையில் உணவை மறுக்க மரபு மூன்று வழிகளையே அனுமதிக்கிறது: விரதம், நோய், டயட். ஏகாதசி என்றாலோ கார்த்திகைச் சோமவாரம் என்றாலோ யாரும் வற்புறுத்துவதில்லை. வட இந்தியாவில் நவராத்திரி ஒன்பது நாளும் குட்டு மாவுப் பூரியும் ஜவ்வரிசிக் கிச்சடியும் தவிர மற்ற உணவை மறுத்தால் அது பக்தியாகவே மதிக்கப்படுகிறது. 'சுகர் இருக்கு' என்றால் பாயசக் கிண்ணம் விலகிவிடுகிறது. டயட் இவ்விரண்டின் இடத்தையும் உலகியல் தளத்தில் பெற்றது: 'டயட்டில் இருக்கேன்' என்ற சொல், சமையலையோ சமைத்தவரையோ குறைகூறாமல், வெளியிலுள்ள ஒரு விதியின்மேல் பழியைப் போட்டு மறுக்க உதவுகிறது. விரதமும் டயட்டும் இங்கே ஒரே பணியைச் செய்தாலும் ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. விரதத்திற்குப் பாரணை என்ற முடிவு உண்டு, டயட்டிற்கு அவ்வாறு வரையறுத்த முடிவில்லை.

பசியறிந்து உண்ணத் தொடங்கும் பெண் இந்தப் பாதுகாப்பைத் தானாகவே களைந்துவிடுகிறாள். எந்த உணவும் விலக்கன்று என்று ஏற்றுக்கொண்டவள், 'பின் ஏன் வேண்டாம் என்கிறாய்?' என்ற கேள்விக்குத் தன் வயிற்றைத் தவிர வேறு சாட்சி காட்ட முடியாது. அந்தச் சாட்சியைக் குடும்பம் ஏற்பதில்லை. மாமியார் வீட்டில் மருமகளுக்கும், எல்லோரும் உண்டபின் கடைசியாக அமர்ந்து, வீணாகக் கூடாதென்று குழந்தையின் தட்டில் மிஞ்சிய சாதத்தையும் சேர்த்து உண்ணும் தாய்க்கும் இச்சிக்கல் கூர்மையானது. அவளுடைய பசி வரும் நேரத்தைப் பிறரின் பள்ளி நேரமும் அலுவலக நேரமும் நிர்ணயிக்கின்றன. அவளுடைய நிறைவைப் பாத்திரத்தின் அடி நிர்ணயிக்கிறது. உறுதியாக 'வேண்டாம்' என்று சொல்லப் பழகினால் போதாதா என்ற மறுப்பு எழலாம். அந்த உறுதியின் விலை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்பதே அதற்கு விடை. வீட்டின் மூத்த ஆண் தட்டைத் தள்ளினால் அது விருப்பம். புதிதாக வந்த பெண் தள்ளினால் அது அவமதிப்பு.

4. இழக்கக் கூடாதவை

மறுக்கும் அதிகாரம் போகட்டும், மனநலம் கிடைக்கிறதே என்று வாதிடுவோர் உளர். பசியறிந்து உண்போரிடம் உணவு பற்றிய குற்ற உணர்வும் கட்டுமீறி உண்ணும் போக்கும் குறைவாகவும், உடல் பற்றிய மனநிறைவு கூடுதலாகவும் இருப்பதை ஆய்வுகள் காட்டுவது உண்மையே. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை மேலை நாட்டுப் பெண்களிடம் ஒரே வேளையில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகள். மேலும், நீரிழிவைப் பொறுத்தவரை இந்திய உடலின் இடர் வேறுவகைப்பட்டது. புணேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், 2004-இல் 'லான்செட்' இதழில் தம்மையும் ஆங்கிலேய ஆய்வாளர் ஜான் யட்கினையும் ஒப்பிட்டுக் காட்டினார். இருவரின் உடல் நிறைக் குறியீடும், அதாவது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண்ணும், 22.3 என ஒன்றாகவே இருந்தது; உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. மெலிந்து தோன்றும் இந்தியரிடமும் கொழுப்பு மறைந்திருக்கக்கூடும் என்பதால், தோற்றமும் பசியும் இரத்தச் சர்க்கரையைப் பற்றி உறுதியாக எதுவும் அறிவிப்பதில்லை. நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையோர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை நீரிழிவு ஆய்வாளர்களுடன் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிடுகிறது. இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சில மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர் பசி வரட்டும் என்று வேளையைத் தள்ளினால் சர்க்கரை ஆபத்தான அளவிற்குக் குறையக்கூடும். அவருக்கு நேரம் தவறாமை விதியாகவே நீடிக்க வேண்டும்.

எனினும், விதி வேண்டும் என்பதிலிருந்து எடைக் குறைப்பே இலக்காக வேண்டும் என்ற முடிவு பிறப்பதில்லை. சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்ததில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 விழுக்காட்டினருக்கும், உணவிலும் நடையிலும் மாற்றம் செய்தோரில் 39.3 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. அதாவது இடர் 28.5 விழுக்காடு குறைந்தது. அம்மாற்றம் செய்தோரின் எடையில் குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. எடைக்கருவியின் முள் அசையாமலே உடல்நலம் மேம்படக்கூடும் என்றால், டயட்டின் வருங்காலக் கனவையும் மருத்துவ ஒழுக்கத்தையும் தனித்தனியே பிரித்தெடுக்க முடியும்; முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை வைத்துக்கொள்ளவும் முடியும். பசியையே மட்டுப்படுத்தும் எடைக்குறைப்பு ஊசிகள் 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்துள்ள நிலையில் இந்தப் பிரிப்பு மேலும் இன்றியமையாததாகிறது. ஏனெனில் அவற்றைப் பயன்படுத்துவோருக்குப் பசியும் உடலின் இயல்பான குரலாக எஞ்சுவதில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால், டயட்டைக் கைவிடுவோரின் இழப்புகள் மூவகைப்படும் எனலாம். மெலிந்த வருங்காலமும் கட்டுப்பாட்டால் கிடைக்கும் நற்பெயரும் இழக்கத்தக்கவை. அவற்றின் துயரத்தை ஒப்புக்கொண்டே இழக்க வேண்டியவை. நீரிழிவு போன்ற நோய்களுக்கான உணவு ஒழுங்கு இழக்கத்தகாதது. மறுக்கும் அதிகாரமோ ஈடு செய்யப்பட வேண்டியது. அந்த ஈட்டை உண்பவர் தனியாகத் தேடிக்கொள்ள இயலாது. பசியறிந்து உண்ணலைப் பரிந்துரைக்கும் ஊட்டச்சத்து ஆலோசகர்கள், உண்பவருக்கு மட்டும் பயிற்சி அளித்து அனுப்புவதால் பயன் பாதியே. பரிமாறும் கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவரையும் ஆலோசனையில் அமர்த்தி, 'போதும்' என்ற சொல்லைப் பொருளுள்ளதாக ஏற்கச் செய்வதும், கடைசியாக உண்ணும் பெண்ணை மற்றவர்களோடு சேர்ந்து அமரவைப்பதும் அவர்தம் பணியின் பகுதிகளாக வேண்டும். அதுவரை இம்முறை தனித்து வாழ்வோருக்கும் வீட்டில் சொல்லதிகாரம் உடையோருக்குமே எளிதாகக் கைகூடும். மற்றவர்கள் விருந்து நாட்களில் மீண்டும் டயட்டின் பெயரைச் சொல்லிக்கொள்வதை மனவுறுதியின் குறையாகக் கருதுவதற்கு இடமில்லை.