பெயர் விழுந்த ஏடு: சுங்கை பூலோவும் தோட்டக் கணக்கும்

'மூங்கில் ஆறு' என்பது சுங்கை பூலோ என்னும் மலாய்ப் பெயரின் பொருள். கோலாலம்பூருக்கு வடமேற்கே சிலாங்கூரில் அமைந்த இவ்வூர், மூங்கிலினும் ரப்பராலேயே உலகறியப் பெயர் பெற்றது. 1925இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தன் சோதனைத் தோட்டத்தை இங்கேதான் அமைத்தது. சிலாங்கூர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியவருள் மிகப் பலர் தமிழர். தோட்ட வரலாறு எழுதுவோர் துரைமாரைப் பேசுவர், கங்காணிமாரைப் பேசுவர். அவ்விருவரையும் தொழிலாளரையும் ஒரே கயிற்றில் கட்டிவைத்த ஒரு பொருளை மட்டும் மறந்துவிடுவர். கிராணியின் மேசைமேல் கிடந்த கணக்கேடே அப்பொருள்.

ஏடு வைத்து வேலையை நடத்துதல் தமிழர்க்குப் புதிது அன்று. சோழர் ஆட்சியில் 'வரிப்பொத்தகம்', 'பட்டோலை' முதலிய பெயர்களால் கணக்கு ஆவணங்களும் அவற்றைப் பேணும் அலுவலரும் குறிக்கப்பட்டமையைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. கோயிற் காரியங்களை மேற்பார்த்தவர் 'கண்காணி' எனப்பட்டார். அச்சொல்லே பிற்காலத்தில் 'கங்காணி' என மருவிக் கடல் கடந்தது. கோலாலம்பூர் அம்பாங் தெருவில் வட்டிக்கடை வைத்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் பேரேடும் ஐந்தொகையுமாகத் தமிழிலேயே கணக்கு வைத்தனர். முதலாளி ஊரில் இருக்க, மூன்றாண்டுத் தவணையில் வந்த முகவர் கடையை நடத்தினார். கடல் கடந்த அத்தொழிலை ஏடே கட்டிக்காத்தது.

தோட்டத்து ஏடோ வேறு வகையானது. அதற்குச் 'செக்ரோல்' என்று பெயர். விடியுமுன் தொழிலாளர் பிரட்டுக்களத்தில் கூடுவர். ('பிரட்டு' என்பது ஆங்கிலப் 'பரேடு' என்னும் சொல்லின் திரிபு என்பர்.) பெயர் கூப்பிடப்படும், வந்தவருக்கு ஏட்டில் குறி விழும். இடப்பக்கம் பெயர்கள் கீழ்நோக்கி இறங்க, மாதத்தின் நாள்கள் கட்டங்களாக வலப்பக்கம் விரிய, ஒவ்வொரு கட்டமும் ஒருவருடைய ஒருநாள் உழைப்பாயிற்று. பால் நிறுத்தபின் அதன் எடை வேறோர் ஏட்டில் ஏறும். மாத முடிவில் கட்டங்களைக் கூட்டி, முன்பணம் முதலிய பற்றுகளைக் கழித்து, எஞ்சியதைச் சம்பளமாகக் கொடுப்பர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஒருநாள் வேலைக்கே 'பேர்' என்று பெயர் ஏற்பட்டது, பாதிநாளுக்கு 'அரைப்பேர்'. ஏட்டில் பெயர் விழுவதும் வேலை செய்வதும் ஒன்றேயாகிவிட்ட நிலையை இவ்வழக்கு நன்கு காட்டுகிறது.

அக்கட்டம் ஒன்றின் விலை என்ன? 1928இல் வகுத்த தரச் சம்பளப்படி, போக்குவரத்து வசதி மிக்க வட்டாரங்களில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்டிர்க்கு 40 காசு. ரப்பர் விலை வீழ்ந்தபோது, 1930இல், அது முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தது. கங்காணிக்கும் இவ்வேட்டில் பங்கு உண்டு. தன் ஆட்களில் எத்தனைபேர் வேலைக்கு வந்தனரோ அத்தனைபேருக்கும் அவர் 'தலைக்காசு' பெற்றார். ஆகவே நோயாளியையும் களத்துக்கு விரட்டுவது அவருக்கு ஆதாயமாயிற்று. கணக்கு முறையே மனிதரின் நடத்தையை வகுத்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இங்கே ஆசிரியர்கள் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. செக்ரோலை எழுதிய கிராணிமார் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் ஆவர். ஏடும் ஆங்கிலத்தில் இருந்தது. 1920களின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. அப்பள்ளி கற்பித்ததோ தமிழ். அதனைக் கற்ற பிள்ளை கதை படிக்கலாம், கடிதம் எழுதலாம், தன் தாயின் சம்பளத்தை அறுதியிட்ட ஏட்டை மட்டும் படிக்க இயலாது. கணக்கில் ஐயம் எழுந்தால், ஏட்டை எழுதியவரிடமே அதைப் படித்துக் காட்டச் சொல்லவேண்டும்!

சுங்கை பூலோச் சோதனைத் தோட்டத்தில் மரங்களுக்கும் கணக்கு இருந்தது. எவ்வினம் எவ்வளவு பால் தருகிறது என்பதை ஆண்டுக்கணக்கில் அளந்து குறித்தனர். 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்னும் புகழ்பெற்ற இனம், ஜாவாவின் 'சீர் 1', மலாயாவின் 'பி.பி. 86' ஆகிய இரண்டின் கலப்பில் பிறந்தது. இன்று மரத்தின் தாய் தந்தை நமக்குத் தெரியும். அதன் பாலைச் சீவி எடுத்த கைகளின் பெயர்களை அறிந்தவர் எத்தனைபேர்?

ஏடு இல்லாமற்போனால் நேரும் கேட்டை ஜப்பானியர் காலம் உணர்த்தியது. 1942, 43ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் மறைவாகப் பெயர்ப்பட்டியல்களையும் நாட்குறிப்புகளையும் காத்துவைத்தனர். காஞ்சனபுரியில் அவர்களுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. ஆசியத் தொழிலாளருக்கு முழுமையான பட்டியல் இல்லை. ஆகலின் இறந்த தமிழர் எத்தனைபேர் என்பது இன்றளவும் மதிப்பீடாகவே நிற்கிறது. சம்பளத்தை வெட்டிய அதே ஏட்டு முறை, அங்கே இல்லாதபோது, மனிதரின் சாவையே கணக்கின்றி ஆக்கிற்று.

ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1998இல் மலேசிய ரப்பர் வாரியத்தில் இணைந்தது. சுங்கை பூலோச் சோதனை நிலத்தில் இன்று குவாசா டாமன்சாரா என்னும் நகர் எழுகிறது. தோட்டங்கள் வீடமைப்புக்கு விலைபோகும்போது அவற்றின் அலுவலகத் தாள்கள் எடைக்குப் போவது இயல்பு. பழைய செக்ரோல் ஒன்று எங்கேனும் கிடைத்தால், அதனைச் செல்லரித்த குப்பை என்று தள்ளுதல் கூடாது. கல்வெட்டில் ஊரார் பெயரைத் தேடிப் படிக்கும் நம் ஆய்வாளர், ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கும் முனியம்மாக்களையும் இராமசாமிகளையும் அவ்வேட்டின் கட்டங்களில் தேடவேண்டும். அவர்கள் நின்ற நாள்களுக்கு எழுத்துவடிவிலான சாட்சி வேறு மிகக் குறைவு.