குழாய்வழி எரிவாயு: அடுப்பைப் பற்றவைக்கும் முன் நடக்க வேண்டிய சோதனை

நாட்டின் பல நகரங்களில் சிலிண்டருக்குப் பதிலாகக் குழாய் வழியே இயற்கை எரிவாயு பெறும் வீடுகள் பெருகி வருகின்றன. இத்தகைய விநியோகத்துக்கான தொழில்நுட்ப, பாதுகாப்புத் தரநிலைகளைப் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2008-ஆம் ஆண்டு வெளியிட்டது. குழாய் பொருத்திய பின், எரிவாயுவைத் திறந்துவிடுவதற்கு முன் நடைபெறும் அழுத்தச் சோதனை இதில் முக்கியமானது. வீட்டு உரிமையாளர் உடனிருந்து பார்க்கக்கூடியதும் அதுவே.

அடுப்பை வந்தடையும் எரிவாயுவின் அழுத்தம் சுமார் 21 மில்லிபார். வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் சிறு கசிவு ஓசை எழுப்பாது. எனவே, குழாயில் முதலில் காற்றை நிரப்பி, விநியோக அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தத்துக்கு உயர்த்தி, வால்வை மூடி, அளவுமானி இறங்குகிறதா என்று குறிப்பிட்ட நேரம் கவனிக்கின்றனர். வெயில் படும் குழாயில் காற்று சூடேறி அழுத்தம் உயர்வதால், சிறு கசிவு மறைந்துவிடக்கூடும். அதனால் வெப்பநிலை சீரான பின்னரே அளவைக் குறிக்க வேண்டும். காற்றுக்குப் பதில் ஆக்சிஜனைப் பயன்படுத்தவே கூடாது. எண்ணெய்ப் பசையுடன் சேர்ந்தால் அது தீப்பிடிக்கச் செய்யும். இணைப்புகளைச் சோப்பு நீர் தடவிச் சோதிக்க வேண்டும். தீக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பது சோதனையல்ல, விபத்துக்கான அழைப்பு.

அடுத்து, குழாயிலுள்ள காற்றை எரிவாயுவால் வெளியேற்ற வேண்டும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் தீப்பற்றும் என்பதால், வெளியேறும் கலவையைத் தீப்பொறி இல்லாத திறந்தவெளிக்குக் கொண்டுசெல்வது அவசியம்.

சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். இயற்கை எரிவாயுவோ இலேசானது; கூரையை நோக்கி எழும். ஆகவே, சமையலறைச் சுவரின் மேற்பகுதியில் காற்றுப்போக்கி இருக்க வேண்டும். சிலிண்டருக்கான அடுப்பின் ஜெட்டையும் மாற்றியாக வேண்டும்.

சோதனையில் தேறிய குழாயும் பின்னர் செய்யப்படும் மாற்றங்களால் ஆபத்தாகலாம். சமையலறையைப் புதுப்பிக்கும்போது குழாயை அலமாரிக்குள் மறைப்பது, குழாய் செல்லும் சுவரில் துளையிடுவது, துணிக்கொடி கட்டுவது, மின் எர்த் கம்பியை அதில் இணைப்பது ஆகியவை தவிர்க்கப்பட வேண்டியவை. இடமாற்றம் தேவைப்பட்டால் விநியோக நிறுவனத்தின் பணியாளரே செய்து, மீண்டும் அழுத்தச் சோதனை நடத்த வேண்டும். சாதாரண பிளம்பரிடம் இந்தப் பணியை ஒப்படைக்கக் கூடாது.

எரிவாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிவை உணர்த்தவே வாசனைப் பொருள் சேர்க்கப்படுகிறது. அந்த வாடை வந்தால் வால்வை மூடி, சன்னல்களைத் திறந்து, மின் சுவிட்சுகளைத் தொடாமல் வெளியேற வேண்டும். 1906 என்பது சிலிண்டர் எரிவாயுக் கசிவுக்கான அவசர எண். குழாய் இணைப்பு பெற்றோர் தங்கள் விநியோக நிறுவனத்தின் அவசர எண்ணை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வந்த பிறகே அழைக்க வேண்டும்.