நம்ம ஊர் ஓவியரும் கடற்கரை மியூசியமும்

திருவண்ணாமலைக்கு வந்து தங்கிப் புகழ் பெற்றவர்கள் யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ரமண மகரிஷி, சேஷாத்ரி சுவாமிகள், யோகி ராம்சுரத்குமார் என்று பட்டியல் நீளும். இங்கே பிறந்து வெளியே போய்ப் பெயர் எடுத்தவர்கள் யார் என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டாவது பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டிய பெயர் ஓவியர் ஏ.பி. சந்தானராஜ்.

1932இல் திருவண்ணாமலையில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்து, அங்கேயே ஆசிரியராகி, முதல்வர் நாற்காலியிலும் உட்கார்ந்தவர். 2009இல் காலமானார். வேங்கிக்கால் ஏரிப் பக்கம் மாலை நடைக்கு வரும் நம் வயதுக்காரர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் மட்டும், "கேள்விப்பட்ட மாதிரி இருக்கு சார்" என்றார். மற்றவர்கள், "அவர் யாரு?" என்றார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

அவர் கதையை முதலில் அவர் படித்த கல்லூரியிலிருந்து தொடங்க வேண்டும். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் சென்னையில் சொந்த முயற்சியில் ஒரு கலைப்பள்ளி ஆரம்பித்தார். கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் முன்பே நம் சென்னையில் வந்துவிட்ட பள்ளி அது. பிறகு அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. பெரியமேட்டில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அந்தச் சிவப்புக் கட்டடங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆரம்பத்தில் அங்கே கைத்தொழிலுக்குத்தான் முதலிடம். நம் வீட்டு அடுப்படிக்கு வந்து சேர்ந்த அலுமினியப் பாத்திரங்களின் கதைகூட அங்கேதான் ஆரம்பம். 1898 வாக்கில் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் என்பவர் அந்தப் பள்ளியில்தான் அலுமினியப் பாத்திரம் செய்து காட்டினார்.

1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பள்ளியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். வங்காளத்துக்காரர். மெரினாவில் நாலு பேர் பாறையை நெம்பித் தள்ளுவது போல நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் கை வேலை. 1959இல் அதை நிறுவினார்கள். அதற்கு மாடலாக நின்றவர்கள் வேறு யாரும் இல்லை, அந்தக் கல்லூரியின் காவலாளியும் ஒரு மாணவரும்தான். மே தினத்துக்கு மாலை போடுகிறோம், பஸ்ஸில் போகும்போது "உழைப்பாளர் சிலை ஸ்டாப்" என்று டிக்கெட் வாங்குகிறோம். செய்தவர் பெயரைத் தெரிந்துகொள்ள மட்டும் மறந்துவிடுகிறோம்.

அவருக்குப் பின் 1957இல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்தவர். அவர் காலத்தில்தான் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. எண்ணெய் வண்ணமும் கான்வாஸும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. அவற்றை வைத்துக்கொண்டு நம் ஊர்ப் படம் வரைவது எப்படி? பாரிஸில் வரைவதைப் பார்த்து இங்கேயும் அப்படியே வரைந்தால் அது யாருடைய படம்?

இதற்கு விடை தேடியவர்களின் கூட்டத்தைத்தான் இன்று 'மெட்ராஸ் இயக்கம்' என்கிறார்கள். கோவில் சிற்பம், நாட்டுப்புறக் கலை, கோலம், ஏட்டுச்சுவடி, ஜாதகக் கட்டம் என்று நம்மிடம் இருப்பதை எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். குறிப்பாகக் கோட்டைப் பிடித்துக்கொண்டார்கள். வண்ணத்தைவிடக் கோடுதான் தென்னாட்டுக்காரனின் சொத்து என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. நம் வீட்டுப் பெண்கள் விடிகாலையில் குனிந்து, கையை எடுக்காமல் இழுக்கும் சிக்குக் கோலத்தை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று புரியும்.

சந்தானராஜ் இந்தக் கூட்டத்தில் முன்வரிசைக்காரர். கோட்டில் வல்லவர் என்று பெயர் எடுத்தவர். மாணவர்களுக்கு அவர் விட்டுப்போனதும் அதைத்தான். ஓவியக் கல்லூரியில் அவரிடம் படித்துப் பின்னால் பெயர் வாங்கியவர்கள் ஏராளம். ஆசிரியர் வேலையில் இருந்த எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி. நல்ல வாத்தியாரின் வேலை பாதி அவர் கையில் தெரியும், மீதி பிள்ளைகள் கையில் தெரியும்.

அந்தத் தலைமுறையின் வேலைகளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் ஈ.சி.ஆர். சாலையில் ஈஞ்சம்பாக்கம் போக வேண்டும். வி.ஜி.பி. தெரியாதவர்கள் நம்மில் இல்லை. அதே ஊரில்தான் இருக்கிறது சோழமண்டலம் ஓவியர் கிராமம். அது உண்டான கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1960களில் சென்னையில் ஓவியம் வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. படித்து முடித்த பையன்கள் ஒன்று வேறு வேலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் பட்டினி கிடக்க வேண்டும். பணிக்கரும் மாணவர்களும் ஒரு வழி கண்டார்கள். துணியில் மெழுகைத் தடவிச் சாயம் ஏற்றும் 'பாத்திக்' வேலை. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது, படாத இடத்தில் ஏறும். அப்படிச் செய்த துணிகள் நன்றாக விற்றன. அந்தப் பணத்தைச் சேர்த்து, 1966இல் கடற்கரையோரம் சவுக்கும் மணலுமாகக் கிடந்த சுமார் பத்து ஏக்கர் நிலத்தை வாங்கினார்கள். சோழமண்டலக் கடற்கரை என்பதால் அந்தப் பெயரையே வைத்தார்கள். பகலில் ஓவியம், மற்ற நேரத்தில் கைத்தொழில் என்று பிழைப்பையும் கலையையும் தனித்தனிக் கணக்காக வைத்துக்கொண்டார்கள். படம் விற்றால்தான் சோறு என்ற நிலை இல்லாததால், வாங்குகிறவன் முகத்தைப் பார்த்து வரைய வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

2009இல் அங்கேயே மெட்ராஸ் இயக்கத்துக்கென்று மியூசியமும் திறந்தார்கள். சந்தானராஜ் காலமான அதே வருடம். ராஜாக்களும் துரைமார்களும் மியூசியம் கட்டிய கதையைப் படித்திருக்கிறோம். எழும்பூர் மியூசியமே 1851இல் வந்ததுதான். ஓவியர்கள் தாங்களே உழைத்து வாங்கிய நிலத்தில், தங்கள் தலைமுறையின் படைப்புகளுக்கு மியூசியம் அமைத்த கதை அபூர்வம்.

அங்கே பார்க்கக் கிடைக்கும் கலைஞர்களில் சிலரை மட்டும் சொல்கிறேன்.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசை 1963இல் தொடங்கியது. ஜாதகக் கட்டங்கள், கணக்கு வாய்ப்பாடு போன்ற எண்கள், எழுத்து மாதிரி இருந்தும் படிக்க முடியாத வரிகள் என்று படம் முழுக்க நிறைந்திருக்கும். முதல் பார்வைக்குப் பழைய ஜோசியர் வீட்டு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்த மாதிரி இருக்கும். பொருள் தேடாமல் நின்று பார்த்தால் மெல்ல மெல்லப் பிடிபடும்.

சிற்பி தனபால் மயிலாப்பூர்க்காரர், 1919இல் பிறந்தவர். பெரியாரை நேரில் உட்காரவைத்துச் சிலை செய்தவர். அவரும் ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார். அவர் வாழ்க்கைக் கதை 'ஒரு சிற்பியின் சுயசரிதை' என்று விகடனில் தொடராக வந்தது சிலருக்கு நினைவிருக்கலாம்.

பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டைத் தட்டியும் வெட்டியும் பற்றவைத்தும் உருவங்கள் செய்தார். கோவிலில் சுவாமிக்குச் சாத்தும் கவசத்தை நினைவுபடுத்தும் வேலை அது. தகட்டில் கோடு ஓடுவதை அவரிடம் பார்க்கலாம்.

ராமானுஜம் கதை மனதைப் பிசையும். மனநோயோடு போராடியவர், பேச்சும் சரளமாக வராது. அவர் வரைந்த உலகமோ மாளிகைகளும் பறக்கும் தேவதைகளும் விசித்திர விலங்குகளும் நிறைந்தது. அதற்கு நடுவில் தொப்பி வைத்த ஓர் ஆள் நிற்பார். அது அவரேதான். முப்பதைத் தாண்டிச் சில ஆண்டுகள்கூட ஆகவில்லை, 1973இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். சோழமண்டலம் என்று ஓர் இடம் இருந்திராவிட்டால் அவர் படங்கள் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

அந்த இயக்கத்தில் நமக்கு மிகவும் பழக்கமான கை ஆதிமூலத்துடையது. திருச்சி மாவட்டம் கீராம்பூர்க்காரர். காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியைக் கறுப்பு மைக் கோட்டில் ஏறக்குறைய நூறு படங்களாக வரைந்தார். ஜூனியர் விகடனில் கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' படித்தவர்கள், கூடவே வந்த படங்களை மறந்திருக்க மாட்டார்கள். பத்திரிகைத் தலைப்புகளில் தமிழ் எழுத்து வேறு மாதிரி நடக்க ஆரம்பித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. மியூசியத்துக்கே போகாதவர் வீட்டிலும் அவர் கோடு வந்து போயிருக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். மெட்ராஸ் இயக்கத்தார் தேடிப் போனவை எல்லாம் நம் மாவட்டத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. செங்கம் பக்கம் பல்லவர் கால நடுகற்கள். எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு அவன் நாய்க்கும் இடம் கொடுத்து, கோவிவன் என்று அதன் பெயரையும் செதுக்கி வைத்திருக்கிறான் ஒரு சிற்பி. போளூர் அருகே திருமலையில் சமண ஓவியங்கள். செய்யாறு பக்கம் புரிசையில் தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து. இவ்வளவும் இருக்கிற மண்ணில்தான் சந்தானராஜும் பிறந்தார். நாயின் பெயரைக்கூட ஆயிரத்து நானூறு வருடம் காப்பாற்றிய ஊர்க்காரர்கள் நாம். 2009இல் போன ஓவியரின் பெயரைத் தவறவிடலாமா?

கல்லில் செதுக்கியது மழையிலும் வெயிலிலும் நிற்கும். காகிதம் நிற்காது. ஒரு கறையான் புற்று போதும், வீடு மாற்றும்போது பழைய பேப்பர்க்காரருக்குப் போகும் ஒரு கட்டு போதும். மியூசியம் என்பது அந்தப் பழைய பேப்பர் கட்டிலிருந்து தப்பித்தவற்றின் வீடு. தப்பிக்காதவை எத்தனை என்பதற்குக் கணக்கு கிடையாது.

அதனால் இரண்டு வேண்டுகோள். ஒன்று, அடுத்த முறை பிள்ளைகள் வீட்டுக்குச் சென்னை போகும்போது, மாமல்லபுரம் வழியாகப் போய் ஒரு அரை நாள் ஈஞ்சம்பாக்கத்துக்கு ஒதுக்குங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். மரநிழலில் சிற்பங்கள் இருக்கின்றன, முழங்கால் வலிக்காரர்கள் நிதானமாகப் பார்க்கலாம்.

இரண்டாவது, உங்கள் வீட்டுப் பரணிலோ, பழைய மாணவர் மலரிலோ, பள்ளிக்கூடச் சுவரிலோ, மாதாகோயில் ஆண்டு மலரிலோ சந்தானராஜ் வரைந்தது ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவரோடு பள்ளியில் படித்தவர்கள், அவர் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கலாம். வயது தொண்ணூறை ஒட்டியிருக்கும். அவர்கள் சொல்வதை யாராவது உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு இன்னும் நிறைய வருடம் இல்லை. எழுதிக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். நோட்டும் பேனாவும் தயாராக இருக்கின்றன.