கே-டிராமா பார்த்துட்டு கொரியன் டிகிரி படிக்கலாமா?

'அன்யோங்ஹாசேயோ'வும் 'அரிகாத்தோ'வும் இன்னைக்கு நம்ம எல்லாருக்கும் அத்துப்படி. ப்ளஸ் டூ முடிச்சதும், 'பேசாம இதையே காலேஜ்ல படிச்சா என்ன?'ன்னு தோணுறதும் இயல்புதான். தாராளமா படிக்கலாம். ஆனா, மொழி வகுப்பு வேற, டிகிரி வேற. அது புரியாம சேர்ந்தா, இரண்டாம் வருஷமே மூச்சு முட்டும்.

டெல்லி ஜே.என்.யு-வில் ஜப்பானியம், கொரியன், சீனம் மூன்றுக்கும் தனித்தனி பி.ஏ. ஹானர்ஸ் இருக்கிறது. சேர்க்கை 'க்யூட்' நுழைவுத்தேர்வு வழியாகத்தான். முன்கூட்டியே மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை, எழுத்திலிருந்தே ஆரம்பிப்பார்கள். சாந்திநிகேதனில் இருக்கும் விஸ்வபாரதியின் 'சீன பவன்' இன்னும் சீனியர். தாகூரும் சீன அறிஞர் தான் யுன்-ஷானும் சேர்ந்து 1937-ல் தொடங்கியது.

நமக்கு ஒரு பெரிய ப்ளஸ் இருக்கு. ஜப்பானியம், கொரியன் இரண்டிலும் தமிழ் மாதிரியே வினைச்சொல் கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபும் பெயருக்குப் பின்னாடிதான் ஒட்டும். இதைவிட ஆச்சரியம், துணைவினைகள். 'சாப்பிட்டுப் பார்'னு சொல்றோமே, இதில் 'பார்'னா கண்ணால் பார்ப்பது இல்லை, முயற்சி பண்றது. ஜப்பானியத்தில் 'தபேதே மிரு', கொரியனில் 'மொகொ போதா'. 'மிரு', 'போதா' இரண்டுக்கும் அர்த்தம் 'பார்'தான்! பின்னால் தேவைப்படும்னு 'வாங்கி வை'ப்போமே, அது ஜப்பானியத்தில் 'கத்தே ஓகு'. 'ஓகு' என்றால் 'வை'. இங்கிலீஷ்காரருக்குப் பாடம் நடத்திப் புரியவைக்க வேண்டியது நமக்குச் சட்டென்று பிடிபடும். 'வா', 'வாங்க' வித்தியாசம் பழகியவர்களுக்கு அங்கே இருக்கும் மரியாதை வடிவங்களும் அந்நியமில்லை.

அதுக்காக 'தமிழும் கொரியனும் அக்கா தங்கச்சி'ங்கிற வாட்ஸ்அப் ஃபார்வேர்டை நம்பிடாதீங்க. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர், தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு இருப்பதாகப் பல காலம் வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. சீனமோ மொத்தமாக வேறு ரூட். வாக்கிய அமைப்பும் வேற, குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் வார்த்தையே மாறிப்போகும்.

சோதனை எழுத்தில்தான். கொரியனின் 'ஹாங்குல்', சேஜோங் மன்னர் காலத்தில் உருவாகி 1446-ல் அறிவிக்கப்பட்டது. அடிப்படை எழுத்துகள் 24, ஒரு வாரத்தில் வாசிக்கப் பழகிடலாம். ஜப்பானியத்தில் ஹிரகானா, கத்தகானா முடிந்த பிறகு கஞ்சி காத்திருக்கும் (குடிக்கிற கஞ்சி இல்லைங்க, சித்திர எழுத்து!). அன்றாடப் பயன்பாட்டுக்கான அரசுப் பட்டியலில் மட்டும் 2,136 இருக்கின்றன. தினமும் எழுதிப் பார்க்காமல் இது ஏறவே ஏறாது.

இந்தச் சித்திர எழுத்துகள் சீனாவில் பிறந்தவை. சீனத்தில் 'தாஷ்வே', ஜப்பானியத்தில் 'தைகாகு', கொரியனில் 'தேஹாக்'. மூன்றும் ஒரே இரண்டு எழுத்துகள், அர்த்தம் பல்கலைக்கழகம். இந்த நாடுகளைச் சேர்த்தே படிக்க வேண்டியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

மொழி ஓரளவு கைக்கு வந்ததும்தான் டிகிரியின் அசல் வேலை தொடங்கும். சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் முரசாகி ஷிகிபு எழுதிய 'கெஞ்சியின் கதை', 1910 முதல் 1945 வரை கொரியாவை ஜப்பான் ஆண்ட வரலாறு என்று போகும். 2024-ல் இலக்கிய நோபல் வாங்கிய ஹான் காங்கின் ஒரு நாவல், 1980-ல் குவாங்ஜூவில் நடந்த படுகொலையைப் பற்றியது. அந்த வரலாறு தெரியாமல் படித்தால் பாதிதான் புரியும். டிராமா பார்க்கிற ஆர்வம் இந்த வாசிப்பு வரைக்கும் தாங்குமா என்பதைச் சேர்வதற்கு முன்பே யோசிச்சுக்கோங்க.

வேலை? இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் என்று கொரிய நிறுவனங்கள் நம்ம ஊர்ப் பக்கமே இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் வேலை மட்டும்தான் இலக்கு என்றால், என் சாய்ஸ் டிகிரி இல்லை. இன்ஜினீயரிங்கோ பி.காமோ படித்துக்கொண்டே, சென்னையில் கொரியனுக்கு இன்கோ சென்டர், ஜப்பானியத்துக்கு ஏ.பி.கே - ஏ.ஓ.டி.எஸ் தோசோகாய் மாதிரி இடங்களில் வகுப்புக்குப் போகலாம். கூடவே ஜப்பானியத்துக்கு ஜே.எல்.பி.டி, கொரியனுக்கு டோபிக் தேர்வு எழுதணும். ஜே.எல்.பி.டி-யில் என்5 தொடக்க நிலை, என்1 உச்சம். அதில் பேச்சுத் தேர்வே கிடையாது. சான்றிதழ் கையில் இருந்தும் இன்டர்வியூவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. பேசிப் பழகுங்க.

ஆராய்ச்சி, ஆசிரியர் பணி, இலக்கிய மொழிபெயர்ப்பு என்றால் டிகிரியே சரி. அங்கேயே போய்ப் படிக்க ஜப்பான் அரசின் மெக்ஸ்ட், கொரிய அரசின் ஜி.கே.எஸ் உதவித்தொகைகள் இருக்கின்றன. இரண்டிலும் இளநிலை மாணவர்களுக்கு முதல் வருஷம் பொதுவாக மொழிப் பயிற்சிதான். ஜி.கே.எஸ்-இல் டோபிக் 3-ம் நிலையைத் தாண்டினால்தான் டிகிரி வகுப்புக்குள் நுழைய முடியும். அதனால ஹாங்குலை இங்கேயே முடிச்சிட்டு ஃப்ளைட் ஏறுங்க.