சமன்பாட்டுத் தொகுப்பியில் நிலைகாட்டி நகர்வு

சமன்பாட்டுத் தொகுப்பியில் நிலைகாட்டி நகர்வு என்பது, கணிதச் சமன்பாடுகளை உள்ளிடவும் திருத்தவும் உதவும் மென்பொருளில், கர்சர் எனப்படும் நிலைகாட்டியை விசைப்பலகையைக் கொண்டு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்த்தும் முறையாகும். சாதாரண உரையில் எழுத்துகள் ஒரே வரிசையில் அமைவதால், அடுத்த இடம் எது என்பதில் ஐயம் இல்லை. சமன்பாட்டில் பின்னம், அடுக்கு, வர்க்கமூலம், அணி ஆகியவை மேலும் கீழுமாக அமைவதால், அடுத்த இடத்தை மென்பொருளை வடிவமைப்பவரே வரையறுக்க வேண்டியுள்ளது.

பின்னணி

1978-இல் டொனால்ட் குனூத் வெளியிட்ட டெக் முறையில் சமன்பாடுகள் கட்டளைகளாக, சாதாரண உரையைப் போலவே தட்டச்சு செய்யப்படுகின்றன. எனவே அங்கு இச்சிக்கல் எழுவதில்லை. அச்சில் தோன்றும் வடிவிலேயே சமன்பாட்டைத் திரையில் திருத்த இடமளிக்கும் மாத்டைப், லிக்ஸ், டெக்மேக்ஸ், மாத்குவில் போன்ற மென்பொருள்களில் இது எழுகிறது. இத்தகைய தொகுப்பிகளில் சமன்பாடு பொதுவாக ஒரு மர அமைப்பாகச் சேமிக்கப்படுகிறது. பின்னம் ஒரு கணு எனில், தொகுதியும் பகுதியும் அதன் கிளைகளாகும்.

இடவல நகர்வு

தொகுதியில் 12-உம் பகுதியில் 35-உம் கொண்ட ஒரு பின்னத்தை எடுத்துக்கொள்வோம். இதில் நிலைகாட்டி நிற்கக்கூடிய இடங்கள் 8: பின்னத்திற்கு முன் 1, தொகுதியில் 3, பகுதியில் 3, பின்னத்திற்குப் பின் 1. இவற்றைக் கடக்க இரு முறைகள் உள்ளன.

* வரிசை முறை: வல அம்பு விசை எல்லா இடங்களையும் ஒவ்வொன்றாகத் தொடும். பின்னத்தைக் கடக்க விசையை 7 முறை அழுத்த வேண்டும். தொகுதியின் முடிவிலிருந்து பகுதியின் தொடக்கத்திற்குச் செல்லும்போது, வல அம்பு அழுத்தப்பட்டாலும் நிலைகாட்டி திரையில் இடப்புறமாக நகரும்.
* வடிவ முறை: வல அம்பு தொகுதி வழியாக மட்டுமே செல்லும், 4 அழுத்தங்கள் போதும். விசையின் திசையும் திரையில் நகரும் திசையும் ஒத்திருக்கும். ஆனால் பகுதியை அடையக் கீழ் அம்பு தேவை.

மாத்குவில்லில் வரிசை முறை இயல்பிருப்பாகும். வடிவ முறையை அமைப்பின் மூலம் தேர்ந்தெடுக்கலாம்.

மேல்கீழ் நகர்வு

தொகுதியும் பகுதியும் வெவ்வேறு நீளமுடையவையாக இருக்கலாம். ஆகவே கீழ் அம்பை அழுத்தும்போது, கிடைநிலையில் மிக அருகிலுள்ள இடம் தேர்ந்தெடுக்கப்படுவது வழக்கம். உடனே மேல் அம்பை அழுத்தினால் முந்தைய இடத்திற்கே திரும்புவது விரும்பத்தக்கது. இதற்கு முந்தைய இடம் நினைவகத்தில் வைக்கப்பட வேண்டும்.

இடமயக்கமும் வெளியேறுதலும்

2-இன் அடுக்கு 3 என உள்ளிட்டபின் 4-ஐத் தட்டச்சு செய்தால், அது அடுக்கில் சேர்ந்து 34 ஆகுமா, அடுத்த இலக்கமாக அடிவரியில் அமையுமா என்பது நிலைகாட்டியின் இடத்தைப் பொறுத்தது. இவ்விரு இடங்களும் திரையில் மிக அருகருகே உள்ளன. பயனர் கவனிக்காவிடில் சமன்பாட்டின் பொருளே மாறிவிடும். எனவே லிக்ஸ் நடப்பிலுள்ள பெட்டியை மூலைக் குறிகளால் காட்டுகிறது. அதில் இடைவெளி விசையை அழுத்திப் பெட்டியை விட்டு வெளியேறலாம்.

அணுகுதிறன்

சுட்டியைப் பயன்படுத்த இயலாதவர்களுக்கு விசைப்பலகை ஒரு முக்கிய வழி. விசைகளால் அடைய முடியாத இடம் அவர்களுக்குத் திருத்தக் கடினமான இடமாகும். திரைப்படிப்பானைக் கொண்டு சமன்பாட்டைக் கேட்டறியும் பார்வையற்றவருக்குத் திரையிலுள்ள திசையால் பயன் குறைவு. ஒரே விசையால் எல்லா இடங்களையும் தவறாமல் கடக்கும் வரிசை முறை அவருக்குப் பொருத்தமானது.

இவற்றையும் பார்க்க

* டெக்
* லாடெக்
* மாத்எம்எல்