இலங்கையில் டிடிடி பயன்பாடு பற்றிய விவாதம்

இலங்கையில் டிடிடி பயன்பாடு பற்றிய விவாதம் என்பது, மலேரியாவைப் பரப்பும் நுளம்புகளை (கொசுக்களை) ஒழிக்கப் பயன்பட்ட டிடிடி எனும் பூச்சிகொல்லி நிறுத்தப்பட்டமை குறித்த கருத்து வேறுபாடு ஆகும். சூழலியலாளர்களின் எதிர்ப்பால் டிடிடி கைவிடப்பட்டதே 1960களின் இறுதியில் மலேரியா மீண்டும் பரவக் காரணம் என்று ஒரு சாரார் கூறுவர். நிகழ்வுகளின் காலவரிசை இதனை உறுதிப்படுத்தவில்லை என்பது மறுதரப்பின் வாதம்.

பின்னணி

1934-35 காலப்பகுதியில் மழை பொய்த்து ஆறுகள் வற்றியதால், ஆற்றுப்படுகைகளில் குட்டைகள் உருவாகின. அவற்றில் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு பெருகியது. அப்போது பரவிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர்.

டிடிடியின் பூச்சிகொல்லும் தன்மையை 1939 இல் சுவிட்சர்லாந்து அறிவியலாளர் பவுல் முல்லர் கண்டறிந்தார். 1946 இல் இலங்கையில் வீடுகளின் உட்சுவர்களில் இதனைத் தெளிக்கும் திட்டம் தொடங்கியது. குருதி குடித்தபின் சுவரில் தங்கும் நுளம்புகள் இதனால் இறந்தன. 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகளே பதிவாயினர்.

மீள்பரவல்

நோய் அரிதாகிவிட்டதால் 1964 இல் தெளிப்பு நிறுத்தப்பட்டது. ஆனால் 1967 இல் தொடங்கிய மீள்பரவல், 1969 இல் 5 இலட்சத்திற்கும் மேற்பட்டோரைப் பாதித்தது. டிடிடி தெளிப்பு மீண்டும் தொடங்கப்பட்டது. எனினும் நுளம்புகள் எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டமையால் பழைய பயன் கிடைக்கவில்லை. 1977 இல் டிடிடிக்கு மாற்றாக மலத்தியான் கொண்டுவரப்பட்டது.

வாதங்கள்

ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' நூல் 1962 இல் வெளிவந்து, டிடிடியால் பறவைகளுக்கும் சூழலுக்கும் நேரும் கேட்டை எடுத்துரைத்தது. இந்நூல் உண்டாக்கிய அச்சமே பல உயிர்களைப் பலிகொண்டது என்பர் டிடிடி ஆதரவாளர்கள். ஆனால் ஐக்கிய அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது 1972 இல்தான். இலங்கையில் தெளிப்பு நின்றது அதற்கு 8 ஆண்டுகள் முன்னர். நோய் குறைந்தபின் தெளிப்பை நிறுத்திக் கண்காணிப்புக்கு மாறுவது அன்றைய மலேரியா ஒழிப்புத் திட்டத்தின் நடைமுறையே ஆகும். கார்சனும் பூச்சிகள் எதிர்ப்பாற்றல் பெறுவது குறித்து எச்சரித்திருந்தார்.

பின்னைய நிலை

2001 இல் ஏற்கப்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை டிடிடியின் வேளாண் பயன்பாட்டைத் தடுத்து, நோய்பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த மட்டும் விலக்களித்தது. இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய மலேரியா 2012 இற்குப் பின் பதிவாகாததால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு அதனை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. வேறு பூச்சிகொல்லிகள், மருந்திட்ட நுளம்பு வலைகள், விரைவான நோயறிதல், சிகிச்சை, இடைவிடாக் கண்காணிப்பு ஆகியன சேர்ந்தே இதனை இயலச் செய்தன.