வைப்பாற்றங்கரைத் தொல்மேடு

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் வடகரையை ஒட்டி ஒரு பழைய மண்மேடு இருக்கிறது. ஊர் வழக்கில் அது மேட்டுக்காடு. ஆமத்தூரில் காலையில் கிளம்பினால் சிவகாசி வழியாகப் போய்ப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம். வழியெல்லாம் கரிசல் நிலம், வேலிக்கருவை, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டிய பட்டாசு ஆலை அறைகள். மேட்டில் ஏறி நிற்பவர் கண்ணுக்குக் கோபுரமோ மதிலோ படாது. மண்ணோடு மண்ணாகச் சிதறிய பானை ஓடுகள்தான் அங்கே ஓர் ஊர் இருந்ததற்கு வெளியே தெரியும் அடையாளம்.

பழைய நகரத்தின் இடிபாடு என்றதும் நடு அமெரிக்கக் காடுகளில் இருக்கும் மாயர் நகரங்களே பலருக்கும் நினைவுக்கு வரும். குவாத்தமாலாவின் திக்கால் நகரில் சுண்ணாம்புக்கல்லால் கட்டிய பிரமிடுகள், காடு மூடிய பிறகும் மர உச்சிகளுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஸ்டீபன்ஸ் என்ற பயணியும் கேத்தர்வுட் என்ற ஓவியரும் 1839-இல் தொடங்கிய பயணங்களில் அத்தகைய இடங்களைத் தேடிச் சென்று எழுதியும் வரைந்தும் உலகுக்குக் காட்டினார்கள். சங்க காலத் தமிழகத்தின் ஊர்களோ பெரும்பாலும் மண்ணாலும் மரத்தாலும் கூரையாலும், சில இடங்களில் செங்கல்லாலும் ஆனவை. கைவிட்ட வீடு மழையில் கரையும், அதன்மேல் இன்னொரு வீடு எழும், அதுவும் விழும். இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த மண்ணே மேடாக நிற்கிறது. அதனால் இங்கே நகரத்தைப் பார்க்க வேண்டுமானால் தோண்டித்தான் ஆக வேண்டும்.

தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அந்த வேலையைத் தொடங்கியது. 2023, 2024 ஆண்டுகளில் இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் நடந்தன. முதல் கட்டத்திலேயே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. நுண்கற்கருவிகளும் இந்த மண்ணிலிருந்து வெளிவந்திருப்பதால், ஊர் உருவாவதற்கு நெடுங்காலம் முன்பே மனிதர்கள் இந்த ஆற்றங்கரையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

கிடைத்தவற்றில் தனிக் கவனத்துக்கு உரியவை சங்கு வளையல்கள். முழு வளையல், உடைந்த துண்டு, வேலைப்பாடு செய்தது என ஏராளமாக வந்திருக்கின்றன. அவ்வளவையும் வெளியூரிலிருந்து வாங்கி அணிந்ததாகக் கொள்வது பொருந்தாது. இங்கேயே வளையல் அறுக்கும் தொழில் நடந்திருக்கிறது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சங்கு வளையல் செய்வது பொறுமை கேட்கும் வேலை. சங்கின் இரு முனைகளையும் நீக்கி, நடுத்தண்டை எடுத்துவிட்டு, உடலை வளையம் வளையமாக வாளால் அறுக்க வேண்டும். பிறகு உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் தேய்த்து மெருகேற்றி, வேண்டுமானால் கோடுகள் வெட்ட வேண்டும். ஒரு சங்கிலிருந்து சில வளையல்களே தேறும். அறுக்கும்போதே பல உடைந்தும் போகும்.

அந்தச் சங்கு கடலிலிருந்து வந்தாக வேண்டும். மன்னார் வளைகுடா இங்கிருந்து நேர்கோட்டிலேயே 60 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் மேட்டை ஒட்டி ஓடும் வைப்பாறே கிழக்கே போய், முத்துக்கும் சங்குக்கும் பேர்பெற்ற அந்தக் கடலில்தான் கலக்கிறது. கரையோரமாகவே சங்குப் பொதிகள் மேற்கே வந்திருக்க நல்ல வாய்ப்புண்டு. மாயர்களும் கடற்சிப்பிகளை உள்நாட்டு நகரங்களுக்குக் கொண்டுபோய் அணிகலனாக்கினார்கள். அரச குடும்பத்தாரின் கல்லறைகளில் அவை கிடைக்கின்றன. வெம்பக்கோட்டையில் சங்கு அரசருக்கு மட்டும் உரியதாக இருந்ததற்கு அறிகுறி இல்லை. ஓர் ஊர் கூடி உழைத்த தொழிலின் மிச்சம் இது, அதனாலேயே இதற்கு மதிப்பு அதிகம்.

கண்ணாடி மணிகள், தங்க அணிகள், தந்தப் பகடை, சுடுமண் உருவங்கள், நூல் நூற்கும் தக்களிகள் ஆகியவையும் கிடைத்துள்ளன. பாயும் காளை செதுக்கிய சூதுபவளக் கல் ஒன்று மிகச் சிறப்பானது. தமிழகத்தில் கிடைக்கும் சூதுபவளத்தின் மூலப்பொருள் பெரும்பாலும் குஜராத் பக்கத்திலிருந்து வந்தது என்பதால், இந்த ஊரின் வணிகத் தொடர்பு வைப்பாற்றோடு நின்றுவிடவில்லை. பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகளும் நிறைய. பிள்ளைகள் பாண்டி ஆடுவது போன்ற விளையாட்டுகளுக்கு அவை பயன்பட்டிருக்கலாம்.

கரிசல் பூமியின் கைத்தொழில் வரலாறு என்றால், 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனதிலிருந்து தொடங்குவது வழக்கம். சங்கு வளையல், தீப்பெட்டி ஆகிய இரண்டு தொழில்களுக்கும் இடையே நேரடித் தொடர்ச்சி எதுவும் இல்லை. ஆயினும் மழையை நம்பிய இந்த நிலத்தில் உழவைத் தாண்டிய தொழிலும் தூரதேச வாணிபமும் சிவகாசிக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தன என்பதை வெம்பக்கோட்டை காட்டிவிட்டது.

ஆய்வு முடிந்த குழிகளைப் பாதுகாப்புக்காக மண்ணிட்டு மூடுவது தொல்லியல் துறையின் வழக்கம். அதனால் குழிகள் திறந்திருக்கும் அகழாய்வுக் காலமே மேட்டைப் பார்க்க ஏற்றது.